பல்பொருள் அங்காடித் தொழிலாளர்களின் விடுமுறை ஊதிய உரிமை

பல்பொருள் அங்காடித் தொழிலாளர்களின் விடுமுறை ஊதிய உரிமை என்பது, சூப்பர் மார்க்கெட், மளிகைக் கடை, துணிக்கடை போன்ற விற்பனை நிலையங்களில் வேலை செய்வோர் தேசிய விடுமுறை நாட்களிலும் பண்டிகை விடுமுறை நாட்களிலும் ஊதியத்துடன் ஓய்வு பெறுவதற்கான சட்ட உரிமை ஆகும். அந்த நாட்களில் வேலை செய்ய நேர்ந்தால், இரட்டிப்பு ஊதியமோ ஊதியத்துடன் கூடிய மாற்று விடுப்போ பெறுவதும் இவ்வுரிமையில் அடங்கும். தமிழ்நாட்டில் இது முதன்மையாக இரண்டு மாநிலச் சட்டங்களை அடிப்படையாகக் கொண்டது. ஒன்று, 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். மற்றொன்று, 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைகள்) சட்டம்.

ஜவ்வாது மலை போன்ற மலைப் பகுதிகளிலிருந்து சமவெளி நகரங்களுக்கு வந்து கடைகளில் வேலை செய்வோருக்கும் இதே சட்டங்களே பொருந்துகின்றன. வீடு தொலைவில் இருப்பதால், ஒரு நாள் விடுமுறை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இவர்களுக்குக் கூடுதல் முக்கியத்துவம் உடையவை.

வங்கி விடுமுறையும் கடை விடுமுறையும்

பொது விடுமுறையை "வங்கி விடுமுறை" என்று அழைக்கும் வழக்கம் பிரித்தானியாவிலிருந்து வந்தது. அங்கு 1871-இல் ஜான் லப்பக் என்ற வங்கியாளர், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து கொண்டுவந்த சட்டம் குறிப்பிட்ட நாட்களில் வங்கிகளை மூட வழிசெய்தது. வங்கி மூடினால் வணிகம் நடக்காது என்பதால், அந்நாட்கள் நாளடைவில் பொது விடுமுறைகளாயின.

இந்தியாவில் வங்கிகளுக்கான பொது விடுமுறைகள் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின்படி அறிவிக்கப்படுகின்றன. தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியலில் இருபதுக்கும் மேற்பட்ட நாட்கள் இருக்கும். அரசு அலுவலகங்களும் வங்கிகளும் இப்பட்டியலைப் பின்பற்றுகின்றன. ஏப்ரல் 1 போன்ற ஆண்டுக் கணக்கு முடிவு நாள் வங்கிகளுக்கு மட்டும் உரியது. 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் வங்கிகளுக்கு விடுமுறை நாட்களாக உள்ளன.

இப்பட்டியல் கடைத் தொழிலாளர்களுக்குத் தானாகப் பொருந்தாது. வங்கி மூடியிருக்கும் நாளில் கடை திறந்திருந்தால், அதை மட்டும் காரணமாகக் காட்டி இரட்டிப்பு ஊதியம் கேட்க முடியாது. கடைத் தொழிலாளர்களுக்கென 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக நாட்களை வரையறுத்துள்ளது. அந்த நாட்களுக்கான ஊதியத்தை உரிமையாளர் தம் விருப்பப்படி மறுக்கவும் முடியாது. வேலைக்குச் சேரும்போது எழுதி வாங்கிய ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும், இச்சட்டம் தரும் ஊதியம் தரப்பட வேண்டும்.

ஆண்டின் ஒன்பது நாட்கள்

1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கு ஒன்பது முழுநாள் விடுமுறைகள் உண்டு. அவற்றில் நான்கு நாட்கள் மாறாதவை:

ஜனவரி 26 – குடியரசு நாள்
மே 1 – தொழிலாளர் நாள்
ஆகஸ்ட் 15 – விடுதலை நாள்
அக்டோபர் 2 – காந்தி பிறந்த நாள்

மே தினம் இந்தியாவில் முதன்முதலாக 1923-இல் சிங்காரவேலரின் முயற்சியால் சென்னையில் கொண்டாடப்பட்டது. இன்று அந்நாள் ஊதியத்துடன் கூடிய விடுமுறையாகச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது.

மீதி ஐந்து நாட்கள் பண்டிகை விடுமுறைகள். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூசை, தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் போன்றவற்றிலிருந்து இவை தேர்ந்தெடுக்கப்படுவது வழக்கம். எந்த ஐந்து நாட்கள் என்பதை உரிமையாளர் தனியாக முடிவுசெய்ய இயலாது. உரிமையாளரையும் தொழிலாளர்களையும் கலந்து, தொழிலாளர் துறை ஆய்வாளர் அவற்றைக் குறிக்க வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஒரே ஊரையோ ஒரே சமூகத்தையோ சேர்ந்தவர்களாக இருந்தால், தங்கள் பகுதியின் முக்கியப் பண்டிகையைப் பட்டியலில் சேர்க்கக் கோரும் இடம் இதுவே. பல கடைகளில் இந்தப் பட்டியல் தொழிலாளர் பார்வைக்கே வராமல் கையெழுத்து மட்டும் வாங்கப்படும்போது, அந்த வாய்ப்பு நழுவிவிடுகிறது.

இவற்றைத் தவிர, தேர்தல் வாக்குப்பதிவு நாளும் ஊதியத்துடன் கூடிய விடுமுறை ஆகும். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு இதை உறுதிசெய்கிறது. தினக்கூலித் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். சொந்த ஊரில் வாக்குரிமை வைத்துக்கொண்டு வேறு தொகுதியில் வேலை செய்வோருக்கும் இந்த விடுமுறை உண்டு.

விடுமுறை நாளில் வேலை செய்தால்

பல்பொருள் அங்காடிகளில் விடுமுறை நாட்களே வியாபாரம் மிகுந்த நாட்கள். எனவே அந்நாட்களில் வேலை வாங்குவதைச் சட்டம் முழுவதுமாகத் தடை செய்யவில்லை. அதற்கு நிபந்தனை விதித்துள்ளது. விடுமுறை நாளில் வேலைக்கு வரச் சொல்லும் உரிமையாளர், 24 மணி நேரத்துக்கு முன்பே உரிய படிவத்தில் தொழிலாளிக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அதன் நகலை ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும்.

அவ்வாறு வேலை செய்த தொழிலாளி பின்வரும் இரண்டில் ஒன்றைப் பெறலாம்:

1. அந்த நாளுக்கு இரட்டிப்பு ஊதியம்.
2. அந்த நாளுக்குரிய ஊதியமும், அதற்கு முந்தைய மூன்று நாட்களிலோ பிந்தைய மூன்று நாட்களிலோ ஊதியத்துடன் ஒரு மாற்று விடுப்பும்.

இவ்விரண்டில் எது வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளிக்கே உரியது. சட்டத்தில் மிகவும் குறைவாக அறியப்பட்ட பகுதி இதுதான். "மாற்று விடுப்பு பிறகு எடுத்துக்கொள்ளலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும், "எங்கள் கடையில் மாற்று விடுப்பு மட்டும்தான்" என்று கூறுவதும் சட்டத்துக்குப் பொருந்தாதவை.

எடுத்துக்காட்டாக, ஒரு நாள் ஊதியம் 500 ரூபாய் பெறும் தொழிலாளி ஆகஸ்ட் 15 அன்று வேலை செய்தால், அந்நாளுக்கு 1,000 ரூபாய் பெறலாம். அல்லது 500 ரூபாயும், ஆகஸ்ட் 12, 13, 14, 16, 17, 18 ஆகிய நாட்களில் ஏதேனும் ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்பும் பெறலாம். அவர் அன்று வேலை செய்யாமல் ஓய்வெடுத்தாலும் 500 ரூபாய் ஊதியம் உண்டு. மாதச் சம்பளம் பெறுவோருக்கு விடுமுறை நாளின் ஊதியம் சம்பளத்திலேயே அடங்கியிருக்கும். எனவே அவர் விடுமுறை நாளில் வேலை செய்து இரட்டிப்பு ஊதியத்தைத் தேர்ந்தெடுத்தால், சம்பளத்துக்கு மேல் இன்னொரு நாள் ஊதியம் சேர்ந்து வர வேண்டும். சம்பளச் சீட்டில் அப்படி எதுவும் சேரவில்லை என்றால், அந்த நாள் வழக்கமான வேலை நாளாகவே கணக்கிடப்பட்டுள்ளது என்று பொருள்.

தேசிய விடுமுறை நாட்களில் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவினர் கடைகள், உணவகங்கள், மோட்டார் போக்குவரத்து நிறுவனங்கள் ஆகியவற்றில் திடீர் ஆய்வு நடத்துகின்றனர். இரட்டிப்பு ஊதியமோ மாற்று விடுப்போ தராமல் வேலை வாங்கிய நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதாக மறுநாள் நாளிதழ்களில் மாவட்ட வாரியாகச் செய்தி வருவது வழக்கம்.

ஜவ்வாது மலைத் தொழிலாளர்கள்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் இது பரவியுள்ளது. ஜமுனாமரத்தூர் இதன் முக்கிய ஊர். மலையின் மக்களில் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளி சமூகத்தினர். சாமை போன்ற சிறுதானியச் சாகுபடியும், புளி, தேன் போன்ற காடுபடு பொருட்களும் இவர்களின் வாழ்வாதாரங்கள்.

மானாவாரி வேளாண்மை ஆண்டு முழுவதும் வேலை தருவதில்லை. அதனால் மலையிலிருந்து வெளியூர் வேலைக்குச் செல்வது நெடுங்கால வழக்கமாக உள்ளது. அந்த வேலைகள் எல்லாம் பாதுகாப்பானவை அல்ல. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் சேசாசலம் காட்டுப் பகுதியில், செம்மரம் வெட்டச் சென்றதாகக் கூறப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அருகிலுள்ள நகரங்களில் கடை வேலை என்பது ஒப்பீட்டளவில் நிலையான, ஆபத்துக் குறைந்த வருமானம். எனினும் அது நல்ல வேலையாக அமைவது, ஊதியமும் ஓய்வும் சட்டப்படி கிடைப்பதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில் அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லை. எனவே ஜவ்வாது மலைக்கெனத் தனித் தொழிலாளர் சட்டம் கிடையாது. மாநிலம் முழுவதற்குமான சட்டங்களே இங்கும் நடைமுறையில் உள்ளன. இருப்பினும் மலையிலும் சமவெளியிலும் கடைத் தொழிலாளியின் நிலை சில வகைகளில் வேறுபடுகிறது:

- 1947-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் சென்னை நகரம், நகராட்சிகள் போன்ற பகுதிகளை மையமாகக் கொண்டு இயற்றப்பட்டது. பிற பகுதிகளுக்கு அரசு அறிவிக்கை மூலம் அதை விரிவாக்கலாம். ஆகவே ஒருவர் வேலை செய்யும் இடமே முக்கியம். அவருடைய சொந்த ஊர் அன்று. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை போன்ற நகரங்களில் வேலை செய்யும் மலைவாழ் தொழிலாளிக்கு இச்சட்டத்தின் பாதுகாப்பு முழுமையாக உண்டு.
- உரிமையாளரின் குடும்பத்தினரே நடத்தும் சிறு கடைகளில், அக்குடும்ப உறுப்பினர்கள் இச்சட்டத்தின் பொருளில் தொழிலாளர் ஆவதில்லை.
- திருவிழாக்களிலும் சந்தைகளிலும் தற்காலிகமாகப் போடப்படும் கடைகளுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது.

வெளியூரில் தங்கி வேலை செய்வோருக்கு ஒற்றை நாள் விடுமுறை பயணத்திலேயே கழிந்துவிடக்கூடும். இவர்களுக்கு மாற்று விடுப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தனிப் பயனுடையது. மாற்று விடுப்பு நாளை வார விடுமுறைக்கு அடுத்தாற்போல் அமைத்துக்கொண்டால், தொடர்ந்து இரண்டு நாட்கள் வீட்டில் இருக்க முடியும். பணம் அவசரமாகத் தேவைப்படுபவர் இரட்டிப்பு ஊதியத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்வு தொழிலாளியிடம் விடப்பட்டிருப்பதன் பயன் இத்தகைய சூழல்களில்தான் தெளிவாகத் தெரிகிறது.

வேலை நேரமும் விடுப்பும்

1947-ஆம் ஆண்டுச் சட்டம் கடைத் தொழிலாளர்களின் அன்றாட வேலையை ஒழுங்குபடுத்துகிறது. அதன் முக்கிய விதிகள்:

- நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமும் வேலை.
- மிகைநேர வேலையைச் சேர்த்தாலும் நாளொன்றுக்கு 10 மணி நேரத்தையும் வாரத்துக்கு 54 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம்.
- தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தபின் குறைந்தது 1 மணி நேர இடைவேளை.
- இடைவேளைகளையும் சேர்த்து, வேலை தொடங்கியதிலிருந்து முடியும் வரை 12 மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது.
- வாரத்துக்கு ஒரு முழுநாள் விடுமுறை. அதற்காக ஊதியத்தைக் குறைக்கக் கூடாது.
- 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த ஆண்டில் ஊதியத்துடன் 12 நாள் விடுப்பு. இதை 24 நாட்கள் வரை சேர்த்து வைக்கலாம்.
- ஆண்டுக்கு 12 நாள் வரை நோய் விடுப்பும் 12 நாள் வரை தற்செயல் விடுப்பும் ஊதியத்துடன் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலிருந்தே இவை பொருந்தும்.
- 6 மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ இன்றியும் நீக்க முடியாது.

வார விடுமுறை, தேசிய மற்றும் பண்டிகை விடுமுறை, ஆண்டு விடுப்பு ஆகிய மூன்றும் தனித்தனி உரிமைகள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றைக் கழித்துக்கொள்வது முறையன்று.

24 மணி நேரக் கடைகள்

10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள கடைகள் ஆண்டின் எல்லா நாட்களிலும் 24 மணி நேரமும் திறந்திருக்கத் தமிழ்நாடு அரசு 2019-இல் அனுமதி அளித்தது. பின்னர் 2022-லும் 2025-லும் இது நீட்டிக்கப்பட்டது. எல்லா நாட்களும் திறந்திருக்கலாம் என்ற அனுமதி கடைக்கு மட்டுமே உரியது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் சுழற்சி முறையில் வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்பதும், யார் யாருக்கு எந்நாள் விடுமுறை என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் நிபந்தனைகள். மிகைநேர ஊதியம் உட்பட எல்லா ஊதியமும் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும்.

பெண்களைப் பொதுவாக இரவு 8 மணிக்கு மேல் வேலை செய்ய வைக்கக் கூடாது. எழுத்து மூலம் சம்மதம் அளித்தவர்களுக்கு மட்டும், உரிய பாதுகாப்பும் போக்குவரத்து வசதியும் செய்து தந்து இரவு வேலை தரலாம். 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

உட்காரும் உரிமை

வேலை நேரம் முழுவதும் நின்றுகொண்டே இருப்பது கடைத் தொழிலின் நீண்டகாலத் துன்பம். கேரளத்தின் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை செய்த பெண்கள் கழிப்பறை வசதிக்காகவும் உட்காரும் உரிமைக்காகவும் போராடினர். இதையடுத்து 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2010-இல் வெளிவந்த வசந்தபாலனின் "அங்காடித் தெரு" திரைப்படம், சென்னைத் துணிக்கடைத் தொழிலாளர்களின் நிலையைப் பரவலான கவனத்துக்குக் கொண்டுவந்தது.

2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வெ. கணேசன் சட்டமன்றத்தில் முன்வைத்த திருத்தத்தின் மூலம், 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் எல்லாத் தொழிலாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்றும், வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார இயல வேண்டும் என்றும் அது கூறுகிறது. பில் போடும் இடத்தில் உள்ளவர்களுக்கு மட்டுமன்றி, அலமாரிகளில் பொருள் அடுக்குவோருக்கும் இது பொருந்தும்.

பிடித்தங்களும் முன்பணமும்

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, குறைந்தபட்ச ஊதியம், ஊதியம் வழங்கும் நாள், பிடித்தங்கள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துகிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும். வேலையை விட்டு நீங்கினால் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்கப்பட வேண்டும். மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது.

கல்லாவில் பணம் குறைந்தாலோ, இருப்பில் பொருள் குறைந்தாலோ, அதை எல்லாத் தொழிலாளர்களின் சம்பளத்திலும் பிரித்துப் பிடிப்பது சட்டப்படி செல்லாது. குறிப்பிட்ட தொழிலாளியின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டு, அவருடைய கவனக்குறைவால் நேரடியாக ஏற்பட்ட இழப்புக்கு மட்டுமே பிடிக்கலாம். அதற்கும் முன், அவர் விளக்கம் அளிக்க வாய்ப்புத் தர வேண்டும்.

ஏழைக் குடும்பங்களிலிருந்து ஆள் எடுக்கும்போது முன்பணம் கொடுக்கும் வழக்கம் பல தொழில்களில் உள்ளது. முன்பணம் வாங்குவது குற்றமன்று. ஆனால் அதைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமலோ, ஊருக்குச் செல்லவிடாமலோ, குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்தோ வேலை வாங்கினால், அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் வரும். அந்நிலையில் கடன் முழுவதும் ரத்தாகும். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டித் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது.

பிற நாடுகளில்

வங்கி விடுமுறை தோன்றிய பிரித்தானியாவில், அந்நாட்களில் ஊதியத்துடன் விடுப்புப் பெறத் தனிச் சட்ட உரிமை இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை செய்வோருக்கு ஆண்டுக்கு 28 நாள் ஊதிய விடுப்பு உண்டு. வங்கி விடுமுறைகளை உரிமையாளர் அதற்குள்ளேயே அடக்கலாம். கூடுதல் ஊதியம் வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இலங்கையில் கடைத் தொழிலாளர்களின் வேலை நேரமும் விடுப்பும் 1954-ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. முழுநிலவு நாளான போயா தினத்தில் வேலை செய்வோருக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டு. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள் ஊதியத்துடன் தரப்படுகின்றன. இவற்றோடு ஒப்பிடுகையில் தமிழ்நாட்டுச் சட்டம் நாட்களின் எண்ணிக்கையில் சிறியது. ஆனால் இரட்டிப்பு ஊதியமா, மாற்று விடுப்பா என்ற தேர்வைத் தொழிலாளியிடம் தந்திருப்பது அதன் வலு.

முறையிடும் வழிகள்

விடுமுறை ஊதியம், மிகைநேர ஊதியம், வார விடுமுறை ஆகியவை மறுக்கப்பட்டால், கடை அமைந்துள்ள மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்திலோ, அப்பகுதியின் தொழிலாளர் துறை ஆய்வாளரிடமோ புகார் அளிக்கலாம். ஊதியப் பாக்கிக்கான கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் எழுப்ப வேண்டும். கொத்தடிமை நிலை இருந்தால் மாவட்ட ஆட்சியரையோ வருவாய்க் கோட்டாட்சியரையோ அணுக வேண்டும். குழந்தைகள் வேலைக்கு வைக்கப்பட்டிருந்தால் 1098 என்ற எண்ணிலும், பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம்.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பட்டியல் பழங்குடியினரும் பட்டியல் சாதியினரும் பெண்களும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு இதை வழங்குகிறது. தொலைபேசி உதவி எண் 15100.

புகாரில் சான்றுகள் முக்கியம். நியமன ஆணை தரப்படாத கடைகளில், வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த பதிவு, அடையாள அட்டை, வேலை நேரப் பட்டியலின் படம், மேலாளர் அனுப்பிய கைப்பேசிச் செய்தி ஆகியவை வேலையில் இருந்ததை நிறுவ உதவும். விடுமுறை நாளில் வேலைக்கு வந்த தேதி, வந்த நேரம், சென்ற நேரம் ஆகியவற்றை அன்றன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பதும் பயன்தரும். கடையின் வருகைப் பதிவேட்டில் அந்நாள் விடுமுறை என்று காட்டப்பட்டிருந்தால், இக்குறிப்புகளே தொழிலாளியின் தரப்புக்கு ஆதாரமாக அமையும்.